ஸ்கைலைன் டிரைவில் ஒரு நாள் சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறது ஷெனண்டோவா தேசியப் பூங்கா. புளூ ரிட்ஜ் மலைத்தொடரின் முகட்டை ஒட்டியே, வடக்கே ஃப்ரன்ட் ராயல் ஊரிலிருந்து தெற்கே ராக்ஃபிஷ் கணவாய் வரை, 105 மைல் (169 கி.மீ.) நீளத்துக்கு ஒரு சாலை போகிறது. அதுதான் ஸ்கைலைன் டிரைவ். வாஷிங்டன் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் அக்டோபரில் காரில் போய் இலை நிறம் பார்த்துவிட்டு வரும் சாலை இது. காரில் போனால் ஒவ்வொரு வியூ பாயின்டும் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். சைக்கிளில் போனால் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் இருக்கும் மலையும் நமக்குக் கிடைக்கும். அப்படிப் போக ஆசைப்படுபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

105 மைலையும் ஒரே நாளில் ஓட்டிவிட முடியுமா?

முடியும். நல்ல பயிற்சி உள்ளவர்கள் செய்கிறார்கள். ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். இந்தச் சாலையில் சமதளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். கடைசி வரை இதே கதைதான். முழு நீளத்துக்கும் மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் 10,000 அடியை ஒட்டி வரும். ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் 60 மைல் சாதாரணமாக ஓட்டுகிறேன், அதனால் இங்கே 105 பெரிய விஷயமில்லை என்று கணக்குப் போடாதீர்கள்.

மலைச்சாலையில் மைலை எண்ணிப் பயனில்லை, ஏற்றத்தின் அடியைத்தான் எண்ண வேண்டும். இந்தப் பக்கத்தில் சொல்லியிருக்கும் மற்ற எல்லாமும் இந்த ஒன்றிலிருந்து வருபவைதான். சாப்பாடு, தண்ணீர், கியர், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம் எல்லாவற்றையும் ஏற்றத்தை வைத்து முடிவு செய்யுங்கள். தூரத்தை வைத்து முடிவு செய்தவர்கள்தான் மாலை நாலு மணிக்குக் கால் மரத்துப்போய், அழகான வியூ பாயின்டில் எதையும் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படியானால் ஒரு நாளுக்கு எந்தப் பகுதி நல்லது?

என் தேர்வு தார்ன்டன் கணவாயிலிருந்து பிக் மெடோஸ் வரை போய்த் திரும்புவது. 211-ஆம் நெடுஞ்சாலை மலையைக் கடக்கும் இடம் தார்ன்டன் கணவாய். லூரே பக்கமிருந்தும் வரலாம், ஸ்பெரிவில் பக்கமிருந்தும் வரலாம். அங்கே பூங்காவின் நுழைவாயில் இருக்கிறது. ஸ்கைலைன் டிரைவின் மைல் கணக்கில் அது 31.5. பிக் மெடோஸ் 51-ஆவது மைல். ஆக ஒரு வழி இருபது மைலுக்குச் சற்றுக் குறைவு. போய்வர 40 மைல் (64 கி.மீ.) என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பூங்காவின் இரண்டு உயர்ந்த சிகரங்களான ஹாக்ஸ்பில் (4,051 அடி), ஸ்டோனி மேன் (4,011 அடி) இரண்டும் இந்த இருபது மைலுக்குள் வருகின்றன. ஸ்கைலைன் டிரைவின் மிக உயரமான இடமும் இங்கேதான், உணவகம் உள்ள ஸ்கைலேண்ட் என்ற இடத்துக்குப் பக்கத்தில், 3,680 அடி. தண்ணீரும் சாப்பாடும் கிடைக்கும் இடங்கள் நடுவிலும் கடைசியிலும் இருக்கின்றன. அதோடு, பெரிய ஏற்றம் காலையில், கால் புதிதாக இருக்கும்போதே வந்துவிடுகிறது.

ஃப்ரன்ட் ராயலில் தொடங்குவதும் பலருக்குப் பிடிக்கும், வாஷிங்டனிலிருந்து வருபவர்களுக்குப் பக்கம் என்பதால். அங்கே வாயிலைத் தாண்டிய உடனேயே ஏற்றம் ஆரம்பிக்கும். டிக்கி ரிட்ஜ் பார்வையாளர் மையம் 4.6-ஆவது மைலில். அதற்குள்ளேயே ஆயிரம் அடிக்கு மேல் ஏறியிருப்பீர்கள். 21-ஆவது மைலில் உள்ள ஹாக்பேக் வியூ பாயின்ட் வரை போய்த் திரும்பினால் அதுவே நிறைவான ஒரு நாள்.

ஏற்றம் ரொம்பச் செங்குத்தா?

இல்லை. நீளம்தான். கார் ஓட்டிகள் நிதானமாகப் போய் மலையை ரசிக்க வேண்டும் என்று போட்ட சாலை இது. அதனால் நெஞ்சை அடைக்கும் செங்குத்து அதிகம் இருக்காது. ஆனால் ஏற்றம் விடாது. தார்ன்டன் கணவாய் சுமார் 2,300 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஸ்கைலேண்ட் வரை பத்து மைலில் கிட்டத்தட்ட 1,400 அடி ஏற வேண்டும். நடுவில் சில இடங்களில் இறங்கி இழந்த உயரத்தையும் திரும்ப ஏற வேண்டியிருப்பதால் உண்மையான கணக்கு இன்னும் கூடும்.

முதல் மைலில் எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். அந்த உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். மணிக்கு ஆறேழு மைல்தான் வருகிறது என்றால் வரட்டும். கனமான கியரில் முழங்காலைப் போட்டு அழுத்தாமல், லேசான கியரில் காலை வேகமாகச் சுற்றுங்கள். நிமிடத்துக்கு 70 முதல் 80 சுற்று என்பது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். அவ்வப்போது எழுந்து நின்று பத்துப் பதினைந்து மிதி மிதித்தால் இடுப்புக்கு ஓய்வு. கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். ஏறும்போது தோளும் கையும் இறுகிவிட்டால் அந்தக் களைப்பு இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது தெரியும்.

எந்த மாதிரி சைக்கிள் வேண்டும்?

கியர் சரியாக இருந்தால் ரோடு பைக், ஹைபிரிட், டூரிங் எதுவானாலும் சரி. சாலை முழுக்கத் தார்தான். பார்க்க வேண்டியது ஒன்று: முன்னால் உள்ள மிகச் சிறிய பல்சக்கரமும் பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரமும் எத்தனை பல்? முன்னால் 34, பின்னால் 34 என்றால் மிதி ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்று. சாதாரண ஓட்டிக்கு இது போதும். பின்னால் 25 அல்லது 28 மட்டும் உள்ள பந்தய சைக்கிளில் வருவதென்றால் கால் பலமாக இருக்க வேண்டும். பெரிய கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி) மாற்றித் தரச் சொல்லிக் கடையில் கேளுங்கள். இந்தப் பயணத்துக்காகச் செய்யும் செலவில் மிகவும் பயனுள்ளது அதுவாகத்தான் இருக்கும்.

மின்சார சைக்கிளை ஸ்கைலைன் டிரைவில் ஓட்டலாம். பேட்டரியின் தூரக் கணக்கு சமதளத்துக்குச் சொன்னது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ஏற்றத்தில் அது வேகமாகக் கரையும்.

பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் கிளம்புமுன் மாற்றிவிடுங்கள். இதில் சமரசமே வேண்டாம்.

சுரங்கப்பாதை ஒன்று இருக்கிறதாமே?

ஆமாம், மேரிஸ் ராக் சுரங்கம், 32.2-ஆவது மைலில். தார்ன்டன் கணவாயிலிருந்து தெற்கே கிளம்பி ஒரு மைல் போவதற்குள் வந்துவிடும். 1932-இல் பாறையைக் குடைந்து போட்டது. நீளம் 600 அடிக்குச் சற்று மேல். உள்ளே விளக்கு கிடையாது. பாறைக் கசிவு சொட்டும், தரை ஈரமாக இருக்கும். குளிர்காலத்தில் மேலிருந்து பனி ஈட்டிகள் தொங்கும்.

போகும்போது இது ஏற்றத்தில் வருகிறது, மெதுவாகத்தான் நுழைவீர்கள், பிரச்சினை இல்லை. திரும்பும்போதுதான் கவனம். அப்போது இறக்கத்தில் நல்ல வேகத்தில் வந்துகொண்டிருப்பீர்கள். வெயிலிலிருந்து நேராக இருட்டுக்குள் நுழைந்தால் கண்ணுக்குப் பழகச் சில நொடிகள் ஆகும். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் ஒன்றுமே தெரியாது. அந்தச் சில நொடிகளில் சைக்கிள் பாதிச் சுரங்கத்தைத் தாண்டியிருக்கும். அதனால் முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கியோ கழற்றியோ விடுங்கள். முன்விளக்கையும் பின்விளக்கையும் போடுங்கள். விளக்கு வெறும் யோசனை இல்லை, சட்டம். தேசியப் பூங்காக்களில் சுரங்கத்துக்குள்ளும், பனிமூட்டத்திலும், சூரியன் மறைந்த பிறகும் சைக்கிளின் முன்னால் 500 அடி தூரத்துக்குத் தெரியும் வெள்ளை விளக்கு அல்லது பிரதிபலிப்பான் இருக்க வேண்டும். பின்னால் 200 அடிக்குத் தெரியும்படி சிவப்பு இருக்க வேண்டும். பிரதிபலிப்பான் சட்டத்துக்குப் போதும், உயிருக்கு விளக்குதான் நல்லது.

எந்த வியூ பாயின்டில் நிற்கலாம்? எல்லாவற்றிலும் நின்றால் நேரம் போதாதே?

முழுச் சாலையில் எழுபதை ஒட்டிய வியூ பாயின்டுகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நிற்க முடியாது, நிற்கவும் வேண்டாம். இந்த இருபது மைலில் நான் விடவே விடாதவை சில.

சுரங்கத்தைத் தாண்டியதும், 32.4-இல், கிழக்கே பார்க்கும் ஒன்று. காலையில் வெயில் நேராக முகத்தில் விழும். முதல் ஏற்றத்தில் ஏறிய சூடு ஆறுவதற்கும் சரியான இடம்.

35.1-இல் பினக்கிள்ஸ். இங்கிருந்து ஓல்டு ராக் மலை தெரியும். மற்ற மலைகள் எல்லாம் மரம் போர்த்தி உருண்டையாக இருக்கும்போது இது மட்டும் உச்சியில் பாறை பாறையாக, கரடுமுரடாக நிற்கும். அந்தக் கிரானைட்டுக்கு வயது சுமார் 100 கோடி ஆண்டு.

36.4-இல் ஜுவல் ஹாலோ. இப்போது மேற்கே பார்க்கிறீர்கள். கீழே ஷெனண்டோவா பள்ளத்தாக்கு, லூரே ஊர், அதற்கு அப்பால் நீளமாகப் படுத்திருக்கும் மசானட்டன் மலை. ஒன்றரை மைலுக்குள் மலையின் கிழக்குச் சரிவிலிருந்து மேற்குச் சரிவுக்கு வந்துவிட்டோம் என்பது சைக்கிளில் நன்றாக உறைக்கும். காற்றின் திசை மாறும், வெயில் முதுகுக்கு வரும், சில நாட்களில் ஒரு பக்கம் பனிமூட்டம், மறு பக்கம் தெளிவு. முகட்டை ஒட்டிப் போகும் சாலை என்பதற்கு இதுதான் அர்த்தம்.

38.6-இல் ஸ்டோனி மேன் வியூ பாயின்ட். அங்கே நின்று தெற்கே மலை முகட்டைப் பாருங்கள். மல்லாந்து படுத்த மனிதனின் நெற்றி, மூக்கு, தாடி எல்லாம் பாறையில் தெரியும். பெயர் அதனால் வந்தது. அந்தப் பாறை ஓல்டு ராக் மாதிரி கிரானைட் இல்லை. சுமார் 57 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கி ஓடி உறைந்த எரிமலைக் குழம்பு. பிற்பாடு அழுத்தத்திலும் வெப்பத்திலும் மாறிப் பச்சை நிறம் ஏறியதால் இதைப் பச்சைப்பாறை என்கிறார்கள்.

44.4-இல் கிரசென்ட் ராக். ஹாக்ஸ்பில் சிகரம் கண்ணெதிரே இருக்கும். சாப்பாடு கொண்டுவந்திருந்தால் இங்கே உட்கார்ந்து பிரிக்கலாம்.

பிக் மெடோஸ் முற்றிலும் வேறு மாதிரி. அதுவரை மரத்துக்குள்ளேயே வந்த சாலை சட்டென்று ஒரு பெரிய புல்வெளியில் திறக்கும். மலை உச்சியில் இவ்வளவு திறந்த வெளியா என்று இருக்கும். மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். கோடையில் பூவும் வண்ணத்துப்பூச்சியுமாக இருக்கும்.

நடைபாதைகளில் சைக்கிள் ஓட்டலாமா?

கூடாது. பூங்காவின் நடைபாதைகளிலும் மண்பாதைகளிலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அப்பலாச்சியன் நெடும்பாதை இந்தப் பூங்காவுக்குள் சுமார் 100 மைல் நீளத்துக்கு ஸ்கைலைன் டிரைவைக் குறுக்கிட்டுக் குறுக்கிட்டுப் போகிறது. அதிலும் நடக்க மட்டும்தான். ஆனால் சைக்கிளைப் பூட்டிவிட்டு நடக்கலாமே. ஸ்டோனி மேன் உச்சிக்கு நடைபாதை போய்வர 1.6 மைல்தான், ஏற்றம் 340 அடி. மேலே போனால் பள்ளத்தாக்கு மொத்தமும் காலடியில். மிதியில் மாட்டிக்கொள்ள அடியில் உலோகக் கிளீட் உள்ள சைக்கிள் ஷூவோடு பாறையில் நடப்பது வழுக்கும். சாதாரண ஷூவோடு வருவது இந்த நாளுக்கு வசதி.

50.7-இல் உள்ள டார்க் ஹாலோ அருவிக்கும் போக ஆசை வரும். போய்வர 1.4 மைல் என்றாலும் அருவி கீழே இருக்கிறது. 440 அடி இறங்கிவிட்டு அத்தனையும் ஏறி வர வேண்டும். சைக்கிள் பயணத்தின் நடுவில் இதை நான் தவிர்ப்பேன். இன்னொரு நாள் காரில் வாருங்கள்.

இறக்கத்தில் வேகமாகப் போக பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பயம் நல்லது, அது உங்களைக் காப்பாற்றும். மலைப் பயணத்தில் ஏற்றம் களைப்பைத் தரும், விபத்து பெரும்பாலும் இறக்கத்தில்தான்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தானாக வரும். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை 1,400 அடி உயரத்துக்குத் தூக்க 330 கிலோஜூலுக்கு மேல் வேலை செய்திருக்கிறீர்கள். உடல் சாப்பாட்டின் ஆற்றலில் கால் பங்கைத்தான் மிதியில் காட்டும் என்பதால், அந்த ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 330 கலோரி செலவாகியிருக்கும். இறங்கும்போது அந்த 330 கிலோஜூலும் எங்காவது கழிய வேண்டும். காற்றைக் கிழிப்பதில் ஒரு பகுதி போகும். மீதி பிரேக்கில் வெப்பமாகும். மெதுவாகப் போகலாம் என்று பத்து மைலும் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால், காற்றுக்குப் போக வேண்டியதும் சேர்ந்து பிரேக்குக்குத்தான் போகிறது. ரிம் பிரேக்காக இருந்தால் ரிம் சுடும், டியூப் வெடிக்கவும் கூடும். டிஸ்க் பிரேக்காக இருந்தால் டிஸ்க் காய்ந்து பிடிப்பு குறையும்.

அதனால் நேரான இடத்தில் விட்டுவிடுங்கள். வளைவுக்கு முன்னால், நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் போனதும் விடுங்கள். சாய்ந்திருக்கும்போது பிரேக்கை இறுக்கினால் டயர் நழுவும். வளைவின் வெளிப்பக்கக் கால் கீழே, உடல் எடை அதன் மேல். கண் எங்கே போகிறதோ சைக்கிள் அங்கே போகும். ஓரத்துக் கல் சுவரைப் பார்த்தால் சுவருக்குத்தான் போவீர்கள், வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். எதிரே தெரியாத வளைவில் உங்கள் பாதியை விட்டு நடுக்கோட்டுக்குப் போகவே போகாதீர்கள். இலையுதிர் காலத்தில் ஈரமான இலைக் குவியல் பனிக்கட்டி மாதிரி வழுக்கும்.

சாலையின் வேக வரம்பு மணிக்கு 35 மைல். அது சைக்கிளுக்கும் சேர்த்துத்தான். இந்த இறக்கத்தில் அந்த வேகத்தை மிதிக்காமலே தொடலாம் என்பதால் சொல்கிறேன்.

அப்புறம் குளிர். பூங்காவின் உயரமான இடங்களில் பள்ளத்தாக்கைவிட ஐந்தாறு டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்கும். ஏறும்போது வியர்வையில் நனைந்த சட்டையோடு 50 கி.மீ. வேகத்தில் இறங்கினால் விரல் விறைத்துப்போகும், விறைத்த விரலால் பிரேக்கைச் சரியாகப் பிடிக்க முடியாது. மடித்துப் பையில் வைக்கிற மாதிரி ஒரு காற்றுத்தடுப்பு மேல்சட்டையும் முழுவிரல் கையுறையும் கோடையிலும் எடுத்துப்போங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே நின்று போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர், சாப்பாடு?

தார்ன்டன் கணவாயிலேயே பாட்டில்கள் நிரம்பி இருக்க வேண்டும். இரண்டு பாட்டில் அவசியம். மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை குடிக்க வேண்டியிருக்கும், வெயில் நாளில் இன்னும் கொஞ்சம். 36.7-இல் பினக்கிள்ஸ் பிக்னிக் இடத்திலும், 41.7-இல் ஸ்கைலேண்டிலும், 51-இல் பிக் மெடோஸிலும் நிரப்பிக்கொள்ளலாம். ஸ்கைலேண்டில் உணவகம் இருக்கிறது, பிக் மெடோஸில் கடையும் உணவும் உண்டு. இரண்டு இடத்திலும் பேர்போனது பிளாக்பெரி ஐஸ்கிரீம் பை. பிக் மெடோஸில் அதைச் சாப்பிடாமல் திரும்ப வேண்டாம். இவை வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரைதான் இயங்கும். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரும் நின்றுவிடும், எல்லாம் கையில் கொண்டுபோக வேண்டும்.

பசிக்கும் வரை காத்திருக்காதீர்கள். கிளம்பி முக்கால் மணி நேரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உடலுக்கு வேண்டும். வாழைப்பழம், பேரீச்சம்பழம், ஜாம் தடவிய ரொட்டி எது வயிற்றுக்குப் பழக்கமோ அதுவே நல்லது. புதிதாக வாங்கிய எதையும் அன்றைக்குச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

திரும்பி வருவது முழுக்க இறக்கம்தானே?

பலரும் ஏமாறுவது இங்கேதான். பிக் மெடோஸிலிருந்து கிளம்பியதும் ஃபிஷர்ஸ் கணவாய்க்கு (49.4) இறங்குவீர்கள். அங்கிருந்து ஸ்கைலேண்ட் உச்சிக்குச் சுமார் 600 அடி திரும்ப ஏற வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, இனி எல்லாம் இறக்கம் என்று மனதையும் தளர்த்திவிட்டு வந்தால் இந்த ஏழெட்டு மைல் மிகவும் கனக்கும். ஸ்கைலேண்டைத் தாண்டிய பிறகுதான் பெரும்பாலும் இறக்கம். ஆகவே பாதி நாள் முடிந்தது என்பதைப் பிக் மெடோஸில் கணக்கிடாதீர்கள், திரும்பி வந்து ஸ்கைலேண்டைத் தொடும்போது கணக்கிடுங்கள்.

ஸ்கைலேண்டுக்குப் போகும்போதே கால் சொல்வதைக் கேளுங்கள். களைப்பாக இருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். போய்வர இருபது மைல் சொச்சம், நல்ல காட்சிகளில் பாதிக்கு மேல் பார்த்துவிட்டீர்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

கார்கள் தொல்லை எப்படி?

சாலையில் இரண்டு பக்கமும் ஓரம் விட்டுப் போட்டிருக்க மாட்டார்கள். தார் முடிந்ததும் புல் அல்லது கல் சுவர். கார் ஓட்டுபவர் கண் பாதி நேரம் மலை மேல்தான் இருக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். வரிசையாக ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் போவது விதிமீறல். பளிச்சென்ற நிறச் சட்டையும், பகலிலும் எரியும் பின்விளக்கும் போடுங்கள். பின்னால் நாலைந்து கார் சேர்ந்துவிட்டால் அடுத்த வியூ பாயின்டில் ஒதுங்கி வழி விடுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும், அவர்களும் பதற்றத்தில் தவறான இடத்தில் முந்த மாட்டார்கள். காதில் இயர்போன் வேண்டாம்.

வார நாள் கிடைத்தால் வார நாளில் போங்கள். அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை வரும் சனி ஞாயிறுகளில் நான் சைக்கிளோடு போகச் சொல்ல மாட்டேன். நிறம் உச்சத்தில் இருக்கும், கார்களும் உச்சத்தில் இருக்கும்.

அப்படியென்றால் எப்போதுதான் போவது?

மே கடைசியும் ஜூனும் மிக நன்றாக இருக்கும். ஜூனில் மலை லாரல் பூக்கும், வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சாலையோரம் முழுக்க. செப்டம்பர் கடைசியும் அருமை. ஜூலை, ஆகஸ்டில் போனால் விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள். வெயில் ஒரு காரணம், மதியத்துக்கு மேல் வரும் இடிமழை இன்னொரு காரணம். முகட்டில் இருக்கும்போது இடி கேட்டால் வியூ பாயின்டிலிருந்து விலகி, முடிந்தவரை கட்டடமோ காரோ இருக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

நல்ல நாளிலும் தூரத்து மலைகள் நீலம் பூசினாற்போல் இருக்கும். மலைத்தொடரின் பெயரே அதனால்தான். காட்டு மரங்கள், குறிப்பாக ஓக் வகைகள், ஐசோப்ரீன் என்ற ஆவியை வெளியிடுகின்றன. அது காற்றில் வினைபுரிந்து உண்டாகும் நுண்துகள்கள் நீல ஒளியைச் சிதறடிக்கின்றன. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை தெளிவு அதிகம், அந்த நாளைப் பிடிக்க முடிந்தால் பிடியுங்கள்.

பனி, உறைமழை, அடர்ந்த மூட்டம் என்றால் சாலையை மூடிவிடுவார்கள். நவம்பரிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை வேட்டைப் பருவத்தில் ஒரு பகுதியை இரவில் மூடுவதும் வழக்கம். கிளம்பும் நாள் காலையில் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

கரடி வருமா?

கருங்கரடிகள் இருக்கின்றன, பார்த்தாலும் பார்ப்பீர்கள். பெரும்பாலும் அவை சாலையைக் கடந்து ஓடிவிடும். நின்றுவிட்டால் நீங்களும் நில்லுங்கள், நெருங்க வேண்டாம். குட்டி தெரிந்தால் தாய் பக்கத்தில்தான் இருக்கும். ஓடக் கூடாது, சைக்கிளில் விரட்டவும் கூடாது. நடக்கப் போகும்போது சாப்பாட்டுப் பையைச் சைக்கிளில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள்.

உண்மையில் சைக்கிளுக்கு ஆபத்து மானால்தான் அதிகம். வெண்வால் மான் விடியற்காலையிலும் மாலையிலும் சாலையோரம் மேயும். ஒன்று துள்ளிக் கடந்துவிட்டது, இனிப் போகலாம் என்று பிரேக்கை விடும் நொடியில் பின்னாலேயே இரண்டாவது வரும். ஒரு மானைப் பார்த்தால் இன்னொன்றையும் எதிர்பாருங்கள்.

உண்ணிக்கு மனிதர்கள் அவ்வளவாகப் பயப்படுவதில்லை, ஆனால் பயப்பட வேண்டியது அதற்குத்தான். லைம் நோயைப் பரப்பும் வகை இங்கே உண்டு. புல்லில் உட்கார்ந்திருந்தால் வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, முடிக்குள் என்று முழுக்கத் தேடிப் பாருங்கள்.

இந்தச் சாலையை யார் போட்டது?

வேலை 1931-இல் தொடங்கியது. பொருளாதார வீழ்ச்சிக் காலம். 1933-லிருந்து அரசின் வேலைத் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள், சி.சி.சி. (சிவிலியன் கன்சர்வேஷன் கோர்) என்ற அமைப்பின் கீழ், இங்கே முகாம் போட்டுத் தங்கினார்கள். வியூ பாயின்டுகளைச் சமன்படுத்தியதும், சரிவுகளில் செடி நட்டதும், ஓரத்துக் கல் சுவர்களை எழுப்பியதும் அவர்கள் கைகள். நிற்கும்போது அந்தச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், கல்லோடு கல் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியிருக்கிறது என்று. பூங்கா 1935 டிசம்பரில் அமைந்தது. 1936 ஜூலை 3 அன்று பிக் மெடோஸில் அதிபர் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது ஆளில்லாக் காடாக இருந்த இடம் இல்லை. வர்ஜீனியா அரசு சட்டம் போட்டு நிலத்தைக் கையகப்படுத்தியபோது மலையில் குடியிருந்த சுமார் 500 குடும்பங்கள் வீட்டை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. அவர்கள் கட்டிய புகைபோக்கிகளும், அவர்களுடைய இடுகாடுகளும் இன்னும் காட்டுக்குள் கிடக்கின்றன. அதே பூங்காவில் லூயிஸ் மவுன்டன் என்ற முகாமைக் கறுப்பினத்தவருக்கென்று தனியே ஒதுக்கியிருந்தார்கள். 1950-இல்தான் அந்தப் பிரிவினை முழுதாக ஒழிந்தது. அழகை ரசிக்கப் போகிற நாம் இதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

சொந்த சைக்கிளில் வேண்டாம். ஓரமில்லாத சாலை, நீண்ட இறக்கம், சின்னக் கைக்குப் பெரிய பிரேக். பதின்பருவத்தில், மலையில் ஓட்டிப் பழகியிருந்தால் சரி.

நடுவழியில் சைக்கிள் மக்கர் செய்தால்?

செல்போன் சிக்னல் பல இடங்களில் இருக்காது. அதை நம்பிக் கிளம்பக் கூடாது. மாற்று டியூப் இரண்டு, டயர் நெம்பி, பம்ப், அறுகோணச் சாவித் தொகுப்பு (ஆலன் கீ), செயின் இணைப்பு ஒன்று. இதெல்லாம் சீட்டுக்குக் கீழே உள்ள சின்னப் பைக்குள் அடங்கிவிடும். பஞ்சர் ஒட்டவோ டியூப் மாற்றவோ தெரியாவிட்டால் வீட்டில் ஒரு முறை செய்து பழகிவிட்டு வாருங்கள்.

எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பதை எப்போதும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மைல்கற்கள் சாலையின் மேற்குப் பக்கம் இருக்கும், தெற்கே போகும்போது வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். கடைசியாகப் பார்த்த எண்ணை நினைவில் வைத்திருந்தால், உதவி கேட்கும்போது 43-ஆவது மைலுக்குத் தெற்கே என்று சொல்லிவிடலாம், பூங்காக் காவலர் தேடாமல் வந்துவிடுவார். வீட்டில் ஒருவரிடம் எங்கே தொடங்குகிறீர்கள், எத்தனை மணிக்குள் காருக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரத்தைக் கணிக்கும்போது திரும்பும் வழியில் உள்ள 600 அடி ஏற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.